டிஸ்ப்ளே பீஸ்

மேட்ச் சூடுபிடித்திருந்த நேரத்தில் டிவியின் கீழ்ப்பாதி இருண்டுபோனது. மேல்பாதியில் ஆட்டக்காரர்கள் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஸ்கோர் வருவதோ கீழே. மாமனார் எழுந்துபோய் டிவியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். இருட்டு இன்னும் கொஞ்சம் மேலேறியது. அதற்குமேல் தட்டுவது உசிதமில்லை என்று முடிவுசெய்து, மகனுக்கு போன் போட்டு ஸ்கோர் கேட்டார். மகன் அப்போது கண்ணாடிக் கடையில், ஒருவருடைய மூக்கில் புது ஃபிரேமை உட்காரவைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் வந்து பார்த்த மெக்கானிக், பின்பக்கத்தைத் திறக்கக்கூட இல்லை.

"பேனல் போயிடுச்சும்மா. இதை மாத்துற காசோட இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிடலாம்" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, வந்ததற்கு மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

அந்த வீட்டில் மூன்றே பேர். மாமனார் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்டோரில் பஞ்சு, பினாயில், படுக்கை விரிப்பு என்று வாங்கிப் போட்டே ஓய்வுபெற்றவர். மகன் கண்ணாடிக் கடையில் பார்வை சோதித்து லென்ஸ் பொருத்துகிறவன். மருமகள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். நாள் முழுக்க பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடியே ஊரைச் சுற்றுவது அவள் வேலை. படிக்க வருகிறவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் பிரேக்கு அக்கா.

டிவிக்கான பட்ஜெட்டை அவள்தான் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுதலாக வகுப்பெடுத்துச் சேர்த்திருந்த பணம் அது. அதற்குமேல் ஒரு காசு கிடையாது என்பதையும் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

"இந்த வாரக் கடைசியில போறோம், வாங்குறோம், வர்றோம். சரியா?"

"அவசரப்படாத. இதெல்லாம் கொஞ்சம் பாத்துத்தான் வாங்கணும்" என்றான் கணவன்.

அந்தக் 'கொஞ்சம்' என்ற வார்த்தையைக் கேட்டதுமே அவள் காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

கணவன் பார்க்க ஆரம்பித்தான். கடைக்குப் போய் இல்லை, போனில். டிவிகளைப் பற்றி உலகத்தில் இத்தனை பேர் பேசிக்கொண்டிருப்பது அதற்குமுன் அவளுக்குத் தெரியாது. காலையில் பல் விளக்கும்போது ஒருவர் பேசினார். ராத்திரி சாப்பாட்டின்போது இன்னொருவர் பேசினார். ஒருவர் நல்லது என்று சொன்னதை இன்னொருவர் குப்பை என்றார். அதைக் கேட்டதும் கணவன் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான். கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரிகிறது, பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் நிறம் வெளுக்கிறதா, வேகமாக ஓடும் பந்துக்கு வால் முளைக்கிறதா என்று அவன் சொல்லச் சொல்ல, 'உம்' கொட்டிக் கொட்டி அவளுக்கு வாய் வலித்தது.

ஒரு நாள் அவள் வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அப்படியே சோபால உக்காரு. சாயாத. நீ எப்பவும் உக்காருற மாதிரி உக்காரு" என்றான் கணவன்.

"நான் எப்பவும் சாஞ்சுதான் உக்காருவேன்."

"சரி, சாஞ்சுக்கோ. அசையாத."

அவள் கண்ணிலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் இஞ்ச் டேப்பை இழுத்துப் பிடித்தான். பிறகு அப்பாவை உட்காரவைத்து அளந்தான். பிறகு தானே உட்கார்ந்துகொண்டு, டேப்பின் மறுமுனையை அவளிடம் கொடுத்துச் சுவரோரம் நிற்கச் சொன்னான்.

"நம்ம ஹாலுக்கு நாப்பத்திமூணு இஞ்ச்தான் சரி. அதுக்கு மேல போனா, பாக்குறப்ப கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாக்கணும்."

"என் கழுத்தை நான் திருப்பிக்கிறேன். நீ முதல்ல டிவியை வாங்கு" என்றார் மாமனார்.

அவருடைய பாடுதான் பெரும்பாடு. பாதி டிவியைப் பார்த்துப் பழகிக்கொள்ள முயன்றார். பழக முடியவில்லை. கறுப்பு கண்ணை உறுத்துகிறது என்று கீழ்ப்பாதியின் மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டார். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் டிவி குளித்துவிட்டு நிற்பதுபோல இருக்கிறது என்று சிரித்துவிட்டுப் போனார்கள். செய்தி வாசிக்கிறவர் துண்டுக்கு மேலே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு வெள்ளம், தீ, விலைவாசி எல்லாவற்றையும் சொன்னார். மேட்ச் நாட்களில் மகனுக்கு போன் பறந்தது. கடை முதலாளி முறைக்க ஆரம்பித்ததும், மாமனார் மருமகளுக்குப் போன் போடத் தொடங்கினார். அவளோ நடுரோட்டில், பச்சை விளக்கு விழுந்த பிறகும் வண்டியை எடுக்காமல் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்க்கும் ஒரு அம்மாளை வைத்துக்கொண்டு, பின்னால் கத்தும் ஹாரன்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

"போங்கம்மா, வழி இருக்கு, போங்க."

"எவ்வளவும்மா ஸ்கோரு?" என்றது போன்.

ஒருவழியாகக் கடைக்குப் போனார்கள். சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே கிளி, ஒரே நேரத்தில், ஒரே கிளையிலிருந்து பறந்தது. சீருடை போட்ட விற்பனைப் பெண் சிரித்த முகத்தோடு வந்தாள். கணவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினான்.

"இதை ஒவ்வொன்னுலயும் போட்டுக் காட்டுங்க. நீங்க ஓட்டுற கிளிப் படத்துல எல்லா டிவியும் நல்லாத்தான் தெரியும்."

அந்தப் பெண் போட்டாள். திரையில் கும்மிருட்டில் யாரோ நடந்துபோனார்கள். கணவன் மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் கிட்டப் போய், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தான், மாட்டிக்கொண்டு பார்த்தான், முட்டிபோட்டுக் கீழிருந்து பார்த்தான். பிறகு அந்தப் பக்கத்து விளக்குகளை அணைக்க முடியுமா என்று கேட்டான். அவள் தன் கணவனைத் தெரியாதவள்போலக் குளிர்சாதனப்பெட்டிகள் இருந்த பக்கம் நகர்ந்துவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்துத் தேடிக்கொண்டு வந்தான்.

"பாத்தாச்சு."

"எதை வாங்குறோம்?"

"இன்னொரு கடையில விலை கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்."

இன்னொரு கடையில் விலை கேட்டுவிட்டு, அதே கடைக்கு இரண்டாவது முறை போனபோது மாமனாரும் வந்தார். அங்கே வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து பார்க்க ஒரு சோபா போட்டு, எதிரே பெரிய டிவி ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். மாமனார் போனதும் உட்கார்ந்தவர்தான். விற்பனைப் பெண்ணிடம் நயமாகப் பேசி மேட்ச்சை வைக்கச் சொல்லிவிட்டார். மகன் அந்தக் கோடியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். மருமகள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மாமனாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேட்ச் முடிந்தது. பரிசளிப்பும் முடிந்தது. ஆராய்ச்சி முடியவில்லை. அன்றைக்கும் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். மாமனார் மட்டும் திருப்தியாக இருந்தார்.

மூன்றாவது முறையும் மாமனார் ஆட்டோவில் வந்து நேரே சோபாவில் உட்கார்ந்துகொண்டார். கணவன் முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது. மாடலின் எண்ணை மனப்பாடமாகச் சொன்னான். இனி மாற்றமே இல்லை என்றான். அவளும் நம்பி, அன்றைய வகுப்புகளை வேறொருவரிடம் தள்ளிவிட்டு வந்திருந்தாள்.

விற்பனைப் பெண் கணினியைத் தட்டிப் பார்த்தாள். அவள் உதட்டைப் பிதுக்குவதற்கு முன்பே இவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அது போன வாரமே முடிஞ்சுடுச்சு சார். இனிமே அந்த மாடல் வராது. அதுக்குப் பதிலா புது மாடல் அடுத்த மாசம் வருது."

"அப்படியா?" என்றவன் முகத்தில் ஏமாற்றத்தையே காணோம். ஏதோ பாரம் இறங்கினமாதிரி இருந்தது. "அப்ப அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துப் பாக்கலாமே. புது மாடல் எப்படி இருக்குன்னு நாலு பேர் சொல்லட்டும்."

அவளுக்குள் எதுவோ படாரென்று அறுந்தது.

"நாலு பேர் சொல்லட்டுமா? இன்னும் யாருங்க பாக்கி? இந்த உலகத்துல டிவியைப் பத்திப் பேசாத ஆள் நான் ஒருத்திதான். நானும் பேசிடவா? டிவின்னா படம் தெரியணும். சத்தம் கேக்கணும். அவ்வளவுதான். மண்டை காயுதுங்க எனக்கு!"

"மெதுவா பேசு."

"மாட்டேன். எவ்வளவு மெதுவாத்தான் பேசுறது? உங்கப்பா டிவிக்குத் துண்டு கட்டி வெச்சுருக்காரு. வீட்டுக்கு வர்றவங்க சிரிக்கிறாங்க. உங்களுக்கு மட்டும் ஒன்னும் ஆகல. உங்களுக்கு வாங்கணும்னே இல்ல. பாத்துக்கிட்டே இருக்கணும்!"

கடை அமைதியானது. கிளி மட்டும் பறந்துகொண்டிருந்தது. அவள் விறுவிறுவென்று வெளியே வந்து, வண்டிகள் நிறுத்துமிடத்தில் தங்கள் ஸ்கூட்டர் பக்கத்தில் போய் நின்றாள். சாவி கணவனிடம் இருந்தது. கோபித்துக்கொண்டு கிளம்பிப் போகக்கூட வழியில்லை. அந்த எரிச்சல் வேறு.

கணவன் பின்னாலேயே வந்தான்.

"ஒரு டிவிக்குப் போயி கடையில மானத்தை வாங்கிட்டியே."

"டிவிக்கா?" என்றாள் அவள். "வண்டியை என்ன பண்ணீங்க?"

"எந்த வண்டி?"

எந்த வண்டி என்று அவனுக்குத் தெரியும். டிரைவிங் ஸ்கூல் முதலாளியம்மா தொழிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தார். இருந்த இரண்டு கார்களில், அவள் வழக்கமாகச் சொல்லிக்கொடுக்கும் ஒன்றை, படிக்க வருகிறவர்களோடு சேர்த்து அவளுக்கே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும். சொந்தமாக நடத்து என்று அவராகவே வாய்விட்டுச் சொல்லி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பழைய வண்டி, பாத்துத்தான் வாங்கணும் என்று கணவன் சொன்னான். அன்றையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். போன வாரம், வேறொருவர் கேட்பதாக முதலாளியம்மா சொல்லியிருந்தார். இதை அவள் வீட்டில் சொல்லவே இல்லை. சொன்னால் அதற்கும் யாராவது வீடியோ போட்டிருப்பார்கள்.

இப்போது எல்லாவற்றையும் கொட்டினாள். கணவன் ஸ்கூட்டரின் கண்ணாடியை விரலால் துடைத்துக்கொண்டே கேட்டான். பிறகு நிமிராமல் சொன்னான்.

"தப்பா வாங்கிட்டா நீதான் திட்டுவ."

"நான் எப்பங்க திட்டினேன்?"

"மிக்ஸி."

கல்யாணமான புதிதில் அவன் ஆசையாக, அவளுக்குத் தெரியாமல் வாங்கிவந்த மிக்ஸி அது. போட்டால் தெருமுனை வரைக்கும் கேட்கும். அது ஓடிய காலமெல்லாம், ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் அவள் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். வந்த விருந்தாளிகளிடமும் சொன்னாள். அவனுடைய அக்காவிடமும் சொன்னாள்.

"அது வேற விஷயம்" என்றாள். குரலில் முன்பிருந்த சத்தம் இல்லை. கோபப்பட்டுக்கொண்டிருக்கும்போது தன் பக்கத்திலும் தப்பு இருப்பது தெரிவதைப் போல எரிச்சலூட்டுவது வேறெதுவுமில்லை என்று தோன்றியது. "அதுக்காக வருஷம் பூரா பாத்துக்கிட்டே இருப்பீங்களா? திட்டினா திட்டு வாங்கிக்கோங்க. நானும் வாங்கிக்கிறேன். எதையாவது வாங்கிட்டுத் திட்டு வாங்கலாம்ங்க."

அவன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான். அப்பாவை உள்ளேயே விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் இருவருக்கும் நினைவு வந்தது.

உள்ளே போனால், மாமனார் சோபாவில் இல்லை. பில் போடுமிடத்தில் நின்றுகொண்டிருந்தார். சுவரில் இருந்த அந்தப் பெரிய டிவியை இரண்டு பேர் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா இது?"

"டிவி" என்றார் மாமனார். "உங்க பட்ஜெட்டுக்குள்ளதான். என் காசு போட்டிருக்கேன், வீட்டுக்குப் போயி குடுத்துடுங்க."

"அது டிஸ்ப்ளே பீஸுப்பா! காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் கடையில ஓடுனது. எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு தெரியுமா?"

"தெரியும். நானே உக்காந்து பாத்தேனே. ஒரு தடவைகூட நிக்கல."

விற்பனைப் பெண் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள். மாமனார் அவளிடமிருந்து எதையெல்லாம் கறந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. விலையில் பெரிய தள்ளுபடி, இன்றைய தேதியிலிருந்து முழு வாரண்டி, டிவிக்கு அடியில் பொருத்த இலவசமாக ஒரு ஸ்டாண்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கும் செலவு. பினாயில் கம்பெனிக்காரர்கள் எப்படி அழுதிருப்பார்கள் என்பதை அன்றைக்குத்தான் மருமகள் புரிந்துகொண்டாள். என்றாலும் அவளுக்கும் சுருக்கென்றது. பட்ஜெட் போட்டவள் அவள். ஞாயிற்றுக்கிழமைகளை விற்றவள் அவள். கடைசியில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா."

"கேட்டிருப்பேம்மா. நீங்க ரெண்டு பேரும் வெளியில சண்டையில இருந்தீங்க. அதுக்குள்ள இன்னொருத்தர் வந்து சோபால உக்காந்துட்டாரு."

அன்று மாலையே டிவி வந்து இறங்கியது. ஹாலில் பழைய டிவிக்கென்று அளவெடுத்துச் செய்த மர அலமாரிக்குள் அது போகவில்லை. நேராக வைத்துப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். ஒரு சாண் இடித்தது. "நாப்பத்திமூணு இஞ்ச்னு நான் சொன்னேன்" என்றான் கணவன். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் சாப்பாட்டு மேசையை ஹாலுக்கு இழுத்துவந்து அதன்மேல் நிறுத்தினார்கள்.

போட்டதும் கண் கூசியது. வெல்டிங் வைப்பதுபோல ஒரு வெளிச்சம். ஆட்டக்காரர்களின் முகமெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திரையின் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டு, 'அருமையான படம்! அற்புதமான ஒலி!' என்று ஒரு பெரிய பலகை எழும்பியது. மாமனார் துண்டைத் தேடி எழுந்தார்.

"யாரும் ஒன்னும் பேசாதீங்க" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. "யாராவது ஏதாவது பேசினீங்க, நான் இப்பவே எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

கணவன் ரிமோட்டை எடுத்தான். அவன் பார்த்துத் தள்ளிய அத்தனை வீடியோக்களில் எதிலோ ஒன்றில், கடையில் காட்டுவதற்கென்று வைக்கும் அமைப்பை வீட்டுக்கு மாற்றுவது எப்படி என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். நாலைந்து பொத்தான்கள்தான் அமுக்கினான். பலகை மறைந்தது. வெளிச்சம் தணிந்தது. ஆரஞ்சு மனிதர்கள் மனித நிறத்துக்குத் திரும்பினார்கள். படம் நன்றாகவே இருந்தது.

"பரவால்லையே" என்றார் மாமனார், மகனைப் பார்க்காமல். மகன் பக்கவாட்டில் போய் நின்று நிறம் வெளுக்கிறதா என்று பார்த்தான். குறை சொல்வதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை போலும்.

மறுநாள் காலை அவள் முதலாளியம்மாவிடம் நேரே போய், மாமனாருக்குத் திருப்பிக் கொடுக்க வைத்திருந்த பணத்திலிருந்து அட்வான்ஸ் கொடுத்தாள். மாமனாரிடம் முன்னாடியே கேட்டிருந்தாள். மெதுவாகக் கொடு என்று சொல்லியிருந்தார். மாலையில் கணவனிடம் சொன்னாள்.

"வண்டிக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு."

அவன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான். சண்டைக்கு அவள் தயாராக இருந்தாள். என்ன சொன்னால் என்ன சொல்வது என்றுகூட ஸ்கூட்டரில் வரும்போது ஒத்திகை பார்த்திருந்தாள்.

"கிளச்சு எப்படி இருக்கு?" என்றான்.

"நீங்களே போயி பாருங்க. ஆனா ஒன்னு. வாங்கலாமா வேண்டாமான்னு பாக்கக் கூடாது. வாங்கியாச்சு. வாங்கின வண்டியைப் பாருங்க."

அவனுக்கு விடுமுறை நாளன்று, கைவிளக்கோடும் பழைய பாயோடும் போனான். அவள் மற்றொரு காரில், பச்சை விளக்கில் நிற்கும் அந்த அம்மாளோடு போய்க்கொண்டிருந்தபோது போன் அடித்தது. முதலாளியம்மா.

"உன் வீட்டுக்காரர் வண்டிக்கு அடியில போயி ரெண்டு மணி நேரமாச்சு. உயிரோட இருக்காரான்னு குனிஞ்சு பாத்தேன். டயர்ல எத்தனை கோடு இருக்குன்னு எண்ணிட்டிருக்காரும்மா. நான் சாப்பிடப் போகணும்."

"மன்னிச்சுக்கோங்க. அவரு அப்படித்தான்."

"அப்படித்தான்னா? நீ எப்படிம்மா குடும்பம் நடத்துற?"

சாயங்காலம் கறைபடிந்த சட்டையோடு வீட்டுக்கு வந்தான். கிளச்சு பரவாயில்லை, டயர் இன்னும் ஒரு வருடம் தாங்கும், ஆனால் அவள் காலடியிலிருக்கும் இரண்டாவது பிரேக்கின் கம்பி பாதி நைந்துபோயிருக்கிறது என்றான். என்றைக்காவது அவசரத்தில் ஓங்கி மிதித்திருந்தால் அறுந்திருக்கும். தினமும் அதன்மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு அது தெரியவில்லை. அவள் உடனே முதலாளியம்மாவுக்குப் போன் போட்டாள். முதலாளியம்மா முணுமுணுத்துக்கொண்டே தன் செலவில் கம்பியை மாற்றிக்கொடுத்தார். அந்த மாதத்திலேயே வண்டி அவள் பெயருக்கு வந்துவிட்டது. படிக்க வந்தவர்களும் அவளோடேயே வந்தார்கள், அந்த அம்மாளும்.

டிவி இன்னும் சாப்பாட்டு மேசையின் மேல்தான் இருக்கிறது. மூன்று பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கணவனுக்குக் குழம்பு சட்டையில் சிந்தாத நாளே இல்லை. அலமாரியைப் பிரித்துப் பெரிதாகச் செய்ய மூன்று தச்சர்களை வரவழைத்து விலை கேட்டிருக்கிறான். நாலாவதாக ஒருவர் இருக்கிறாராம், நல்ல வேலைக்காரராம், வெளியூர் போயிருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் பொறுப்பேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.